ஏழாவது மாடியின் ஒன்றரை அடி

ஊர் நடுவில் இருபத்தொரு மாடியோடு நிற்கிற அந்தக் கட்டடத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வாசலில் பளிங்குப் பலகையில் மூன்று வரிக்குப் பொறித்திருக்கிறார்கள். அதை முழுசாகப் படித்த மனிதர் இதுவரை தென்படவில்லை. வெயிலை மறைக்க நான்கு பக்கமும் செங்குத்தாக சிமென்ட் பட்டைகள் வைத்துக் கட்டியிருப்பதால் ஜனங்கள் அதற்கு 'சீப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எங்க வேலை?" என்று கேட்டால் "சீப்புல" என்று சொன்னால் போதும், பஸ்காரர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். சீப்பில் வேலை பார்க்கிறவர்களை வெளியே இருப்பவர்கள் என்னவென்று அழைக்கிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். தலைமுடியில் என்னவெல்லாம் குடியிருக்கும் என்று தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டடத்தை வரைந்தவர் கடல் தாண்டி வந்த பெரிய கலைஞர். வந்தார், மூன்று நாள் தங்கினார், தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிப் போய்விட்டார். அவர் இருந்த மூன்று நாளும் அங்கே ஒரு பெரிய பள்ளம் மட்டுமே இருந்தது. மற்றதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே கட்டினார்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஏழாவது மாடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஏழாவது மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் ஒரு கூடம். கூடத்தின் மறுகோடியில் அலுவலகம். கூடத்துத் தரைக்கும் அலுவலகத் தரைக்கும் நடுவில் ஒன்றரை அடி வித்தியாசம். அலுவலகப் பக்கம் உயரம். எட்டாவது மாடிக்குப் போனபோது விஷயம் தெரிந்து மட்டத்தைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதனால் ஏழாவது மாடி அலுவலகத்தில் கூரை மட்டும் தாழ்ந்திருக்கும். கொஞ்சம் உயரமானவர்கள் மின்விசிறிக்கு மரியாதை கொடுத்துக் குனிந்தே நடப்பார்கள்.

அந்த மாடியில் இருப்பது அளவைச் சரிபார்ப்பு அலுவலகம். கடைக்காரரின் தராசு சரியா, துணிக்கடையின் மீட்டர் கோல் சரியா, கொத்தனாரின் டேப் சரியா என்று பார்த்து முத்திரை குத்துகிற இடம். ஊரிலேயே தரை தப்பாகப் போன ஒரே மாடியை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அந்த அளவுக்கு யோசிக்கக்கூடிய ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அங்கே இருபத்தாறு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்ப்பவள் டைப்பிஸ்ட் அக்கா. தட்டச்சு எந்திரம் போய்க் கணினி வந்து எத்தனையோ காலமாயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. போன வருஷக் கடைசியில் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து, திருகி, ஐந்து மாதம் படுக்க வைத்தார்கள். இப்போது நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். சமதரையில் பிரச்சினை இல்லை. "காலைத் தூக்கி உயரத்துல வைக்கவே கூடாது. தகடு நகந்துட்டா என்கிட்ட வராதீங்க" என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

மருத்துவ விடுப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்தத் தேதியில் காலை பத்தேகாலுக்குள் தன் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாத ஊழியர், வேலையைத் தாமாகவே துறந்ததாகக் கருதப்படுவார். அக்காவுக்கு அந்தத் தேதி மாதக் கடைசி. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கண்ணில் புரை விழுந்து ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் பத்து விரல்களால்தான்.

கெடுவுக்கு இருபத்துநாலு நாள் இருக்கும்போதே, தகுதிச் சான்றிதழும் கையுமாக, வீட்டுக்காரர் துணையோடு அக்கா லிஃப்டில் ஏறி ஏழாவது மாடியில் இறங்கினாள். கூடத்தைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, பெட்டியக் காணோம்."

நாற்பது வருஷமாக அந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. முக்காலடி உயரம். பெட்டியில் ஒரு கால், அலுவலகத்தில் ஒரு கால். பக்கத்தில் சாய்வுப் பலகை ஒன்றும் உண்டு, தராசுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்கு; அக்கா நம்பி வந்தது அதைத்தான். இரண்டும் இல்லை. அந்த இடத்தில் பித்தளைக் கம்பம் இரண்டு, நடுவில் சிவப்புக் கயிறு, ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு காவலாளி.

"பெட்டி, பலகையெல்லாம் எங்கப்பா?"

"பிற்சேர்க்கைன்னு எடுத்துட்டாங்கக்கா."

"அப்படின்னா?"

"எனக்கு என்னக்கா தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

அக்கா படுத்திருந்த ஐந்து மாதத்தில் சீப்புக்குப் பெருமை வந்துவிட்டது. கட்டடப் பெருமைக் காப்பு வாரியம் என்று ஒன்றைத் தொடங்கி, இருபதாவது மாடியில் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டடத்தை அதன் ஆதி நிலைக்குக் கொண்டுபோவது அவர்கள் பணி. ஆதி நிலையில் கழிவறைக்குக் கதவு இல்லை என்று நான்காவது மாடியில் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். ஆதி நிலையில் மூன்றாவது லிஃப்ட் ஓடவில்லை என்பதற்கு ஆதாரம் கிடைத்ததால் ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்தினார்கள். ஏழாவது மாடியின் ஒன்றரை அடியைப் பற்றி வாரியச் செயலர் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'எழுச்சிப் படி'. வாழ்க்கையின் தாழ்வான தளத்திலிருந்து கடமையின் உயர்ந்த தளத்துக்கு மனிதன் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதைக் கலைஞர் கல்லில் எழுதிவிட்டுப் போனாராம். ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க முழங்காலைப் பற்றியது.

அலுவலகக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். இளவயதுக்காரர்கள் தாவினார்கள். நடுவயதுக்காரர்கள் முதலில் கைப்பையை மேலே வைத்து, பிறகு முழங்காலை வைத்து, பிறகு கடவுளைக் கூப்பிட்டு ஏறினார்கள். தராசு கொண்டுவரும் கடைக்காரர்கள் கீழேயே நின்று, எடைக்கற்களை ஒவ்வொன்றாக மேலே எறிந்தார்கள்.

அக்காவைப் பார்த்ததும் அலுவலகமே எழுந்து வந்தது. "அக்கா வந்தாச்சு!" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஊன்றுகோலோடு அலாக்காகத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. மேசைக்கு நடந்தாள். வருகைப் பதிவேட்டை எடுத்தாள். அதற்குள் மேலாளர் அம்மா வந்து பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

மேலாளர் அம்மா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும்.

"அக்கா, உங்க சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு? 'பிறர் உதவியின்றிப் பணிக்கு வரத் தகுதியானவர்.' இப்ப நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. இத நான் எப்படிக்கா கண்ண மூடிக்கிட்டு விட முடியும்? நாளைக்கு யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா என் தலை போயிடும்."

"அப்ப சமதரையா பண்ணிக் குடுங்களேன். நான் பாட்டுக்கு நடந்து வரேன்."

"தரை நம்மது இல்லக்கா. வாரியத்தோடது. மேசை மட்டும்தான் நம்மது."

"கீழ கூடத்துல ஒரு மேசை போட்டுக் குடுங்க. அங்க உக்காந்து அடிக்கிறேன்."

"கூடமும் வாரியத்தோடது. படியைப் பாக்க வர்றவங்க பின்வாங்கி நின்னு பாக்கறதுக்கு இடம் வேணுமாம்."

தூக்கி வைத்த நாலு பேரே மறுபடி தூக்கிக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் இருபதாவது மாடி. கம்பளத்தில் ஊன்றுகோல் புதைந்து புதைந்து போனது. செயலர் எழுந்து நின்று, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். மென்மையான மனிதர். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றில் ஏதோ ஒரு பானையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"அம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது. எனக்கும் முழங்கால் வலி இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் படி உங்களுக்குத் தடையா இருக்குன்னு நினைக்கிறீங்க. இல்ல. அது நாற்பத்தெட்டு வருஷமா அங்கயே இருக்கு. யாரையும் போய்த் தடுக்கல. நீங்கதான் இப்ப வந்து அதுகிட்ட நிக்கிறீங்க."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கு எதிரில் இருப்பவரே மங்கலாகத்தான் தெரிவார். இப்போது பேச்சும் மங்கலாகிவிட்டது.

"சார், ஒரே ஒரு பலகை போட்டா போதும் சார்."

"பலகை!" செயலர் நெஞ்சில் கை வைத்தார். "அம்மா, இந்தக் கட்டடம் எதுக்காகக் கட்டினதுன்னு நினைக்கிறீங்க? ஜனங்க வேலை பாக்கறதுக்கா? அது ஒரு சின்ன உபயோகம். கட்டடம்ங்கறது ஒரு சிந்தனை. உள்ள ஆள் வர்றதும் போறதும் தூசி மாதிரி. தூசி வேண்டாம்னு சொல்லல. ஆனா தூசிக்காக சிந்தனையைச் சாய்வா வைக்க முடியாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கேட்கிறவர்களுக்கு அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லையாம். 'படியுடனான உறவில் தளர்வு கோரும் விண்ணப்பம்' என்று ஒன்று இருந்தது. பதினொரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'விண்ணப்பதாரர் படியை முதன்முதலில் எப்போது உணர்ந்தார்' என்று கேட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், படியின் உயரத்தை உறுதிசெய்து அளவைச் சரிபார்ப்பு அலுவலகம் தட்டச்சில் தந்த சான்று இணைக்கப்பட வேண்டும் என்று இருந்தது.

"சார், அந்தச் சான்றை அடிக்கறதே நான்தான் சார். அந்தப் படிவத்தை அடிக்க வேற யாருக்கும் அனுமதி இல்ல. இருபத்தாறு வருஷமா என் கைதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் செயலர். "உங்களுக்குத் தாமதமே ஆகாது."

அக்கா லிஃப்டில் இறங்கினாள். ஒன்பதாவது மாடி தாண்டும்போது, "என்னங்க, அந்த ஆளு என்னதான் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"உன்ன தூசின்னாரு."

"அது புரிஞ்சுது. அதுக்கப்புறம்?"

சான்றை வேறு ஒருவர் அடிக்க மேலாளர் அம்மா தலைமையகத்துக்கு எழுதி அனுமதி வாங்கினாள். வாங்கி, அவளே அடித்தாள். ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்தைத் தேடித் தேடி. அளந்து பார்த்ததில் படி ஒரு முனையில் ஒன்றரை அடியும் மறுமுனையில் ஒன்றரை அடிக்கு ஒரு விரற்கடை குறைவாகவும் இருந்தது. எந்த முனையைப் போடுவது என்று கேட்டு வாரியத்துக்கு எழுதினாள். இரண்டின் சராசரியைப் போடுவது கலைஞரை அவமதிப்பதாகும் என்று பதில் வந்தது. கடைசியில் 'ஏறத்தாழ ஒன்றரை அடி' என்று அடித்தாள். அளவைச் சரிபார்ப்பு அலுவலக வரலாற்றிலேயே 'ஏறத்தாழ' என்ற சொல்லோடு முத்திரை விழுந்த முதல் சான்று அதுதான். அதை இணைத்து, 'படியை அணுக அனுமதி வேண்டுகிறேன்' என்று அச்சிட்ட வரியின் கீழ் கையெழுத்துப் போட்டு அக்கா விண்ணப்பத்தைக் கொடுத்தபோது பதினொரு நாள் போயிருந்தது.

பதில் வராமல் போகவே, வீட்டில் வீட்டுக்காரருக்குப் பொறுமை எல்லை தாண்டியது. "எவன்கிட்ட அனுமதி? நான் பாட்டுக்குப் பலகைய வைக்கிறேன், நீ பாட்டுக்கு ஏறு. ஏறினப்புறம் பலகைய எடுத்துடறேன். எவனுக்கு என்ன தெரியப் போவுது?"

"காவல் உக்காந்திருக்காங்க."

"அவனும் வீட்ல பொண்டாட்டி புள்ள உள்ளவன்தான?"

பக்கத்துத் தெரு தச்சரிடம் சொல்லி, இரண்டு மடிப்பாக மடிக்கிற பலகை ஒன்று செய்தார். கண் சரியாகத் தெரியாத மனுஷர் இரண்டு நாள் தடவித் தடவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், அக்காவின் ஊன்றுகோல் எங்கும் இடறக்கூடாது என்று. காவலாளி வீட்டில் பொண்டாட்டி பிள்ளை இருந்தது உண்மை. அவன் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பலகை விரிந்தது. அக்கா ஊன்றுகோலின் முன்னங்கால் இரண்டையும் அதில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா செயலர் தன் வாழ்க்கையில் மூன்றாவது முறையாக ஏழாவது மாடிக்கு வர வேண்டும்?

கூட இரண்டு விருந்தினர்கள். செயலர் கோபப்படவில்லை. பலகையைச் சுற்றி நடந்தார். குனிந்தார். முகர்ந்து பார்த்தார். "பாருங்க," என்றார் விருந்தினர்களிடம். "படி இன்னும் உயிரோட இருக்கு. மக்கள் அதோட பேசறாங்க. இது எதிர்வினைக் கலை." பலகையைத் துணியில் சுற்றி இருபதாவது மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, எண் போட்டு, 'சமகால மக்களின் எளிய உரையாடல், மரம்' என்று எழுதி வைத்தார்கள். வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கப் போனபோது, கலைஞர் என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

காவலாளியை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இன்னும் எட்டு நாள். அப்போதுதான் அந்த வட்டாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள், "ஏன்டியம்மா, அந்தக் கட்டடத்தைக் கட்டின மேஸ்திரி எங்க சந்துலதான இருக்காரு? அவரைக் கூட்டிட்டுப் போய்க் கேளேன்" என்று சொன்னாள். மேஸ்திரிக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் இன்னும் பத்தாவது மாடிக்குக் கேட்கிற குரல். அக்கா விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட கஷ்டகாலமே. அது இன்னுமா அப்படியே கிடக்கு?"

வாரியத்தின் சிறப்பு அமர்வு கூடியது. ஏழு உறுப்பினர்கள் நீள மேசைக்குப் பின்னால். படியின் வரலாறு தெரிந்த ஒரு நேரடிச் சாட்சி கிடைத்திருப்பதாகச் செயலர் பெருமையோடு அறிவித்தார். மேஸ்திரி எழுந்து நின்றார்.

"ஐயா, நான் உள்ளத சொல்லிடறேன். ஆறாவது மாடி தளம் போட்டுத் தூணும் எழுப்பின சமயம் ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. கால்வாசிக் கட்டடம் முடிஞ்சுதுன்னு விழா. அவரு நின்னு பேசறதுக்குத் தெக்குப் பக்கம் மரத்துல மேடை போட்டோம். ஒன்றரை அடி மேடை. அவரு பேசினாரு, பேசினாரு, பேசிக்கிட்டே இருந்தாரு. சாயந்தரத்துக்குள்ள மேல் தளத்துக்கு மட்டம் குறிக்கணும், மறுநாள் கம்பி கட்டற ஆளு வராங்க. மேடையப் பிரிக்க முடியல. சரின்னு அவரு முதுகுக்குப் பின்னால மேடை மேலயே நின்னு டேப்பப் புடிச்சி தூணுல குறி போட்டுட்டேன். மேடை உயரத்தக் கழிக்க மறந்துட்டேன். அவ்வளவுதான் சமாச்சாரம். தப்பு என்னுதுங்க. இந்தப் பொண்ணு கால் ஒடிஞ்சி நிக்குது. ஒரு மூட்டை சிமென்ட் குடுங்க, ஒரு கையாளு குடுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரிவா இழுத்து விட்டுடறேன். கூலிகூட வேணாம்."

அக்கா உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

மூத்த உறுப்பினர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார்.

"தன்னடக்கம் இல்லீங்க, தப்பு."

"அதத்தான் சொல்றேன். ஒரு மகத்தான கலைஞரோட கருவியா இருந்துட்டு, அத 'தப்பு'ன்னு சொல்ற மனசு இருக்கே..."

"அந்தக் கலைஞரு நாலாவது நாளே கப்பல் ஏறிட்டாருங்க. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

"பேச்சு தேவையில்லை," என்றார் செயலர். கைகள் காற்றுப் பானையைத் தடவின. "அவர் இல்லாமலே, சொல்லாமலே, உங்க கை மூலமா நடந்திருக்கு பாருங்க. அதுதான் மேதைமை. சொல்லிச் செய்ய வைக்கிறது யாருக்கும் முடியும்."

இன்னொரு உறுப்பினர் வேறொரு கோணத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று அத்தனை நேரம் பேசியவர் யார்? என்ன பேசினார்? படியின் உயரத்துக்கும் பேச்சின் நீளத்துக்கும் உள்ள தொடர்பு என்ன? இதை ஆராய ஒரு துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது. மேஸ்திரிக்கு மாலை போட்டார்கள். அவர் அந்த மாலையோடு அக்காவிடம் வந்து, "என்னம்மா, சிமென்ட் எப்ப வருமாம்?" என்று கேட்டார்.

அக்காவின் முகத்தைப் பார்த்துச் செயலருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். அவர் எழுந்து அறிவித்தார்: "இந்த அம்மா நம்ம கண்ணைத் திறந்துட்டாங்க. நடக்க முடியாதவங்களுக்கும் எழுச்சிப் படி சொந்தம். அவங்களும் அதை அணுக முடியணும். போர்க்கால அடிப்படையில ஒரு சாய்தளம் அமைக்கிறோம். மாதக் கடைசிக்குள்ள திறந்துடறோம்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டில் இறங்கும்போது வீட்டுக்காரரின் தோளில் சாய்ந்து சிரித்தாள். "தூசின்னாலும் பரவாயில்லங்க. மனுஷன் செஞ்சுட்டாரு பாருங்க." அன்று மாலை மகளிடம், "அடுத்த வருஷக் கட்டணத்தப் பத்திக் கவலப்படாத" என்றாள். அந்த ஒரு வாரமும் கூடத்துக்குள் யாரையும் விடவில்லை. அலுவலகக்காரர்களைப் பின்பக்கத் தீயணைப்பு ஏணி வழியாக ஏறச் சொன்னார்கள். திரை கட்டிய கூடத்துக்குள் ரம்பச் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்பதாக மேலாளர் அம்மா தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கும் சந்தோஷம். "சீக்கிரம் வாங்கக்கா, என் விரல் வீங்கிப் போச்சு."

மாதக் கடைசி. திறப்பு விழா காலை ஒன்பதரைக்கு. அக்காதான் நாடா வெட்ட வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அவள் நல்லதாக ஒரு உடுப்பு உடுத்தி, கைப்பையில் மூக்குக் கண்ணாடியும் மாத்திரையும் எடுத்து வைத்து, வேலைக்குப் போகிறவள் மாதிரியே கிளம்பினாள். வேலைக்குத்தானே போகிறாள்.

திரை விலகியது. அழகான சாய்தளம்தான். தேக்கு மரம், பித்தளைக் கைப்பிடி, ஊன்றுகோல் வழுக்காமல் ரப்பர். கூடத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து ஒன்றரை அடிக்குப் போய், ஒரு மேடையில் முடிந்தது. மேடைக்கும் அலுவலகத் தரைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. மேடையின் விளிம்பில் இடுப்புயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. அந்த இரண்டடி இடைவெளியில், கீழே, விளக்கு வெளிச்சத்தில் படி தெரிந்தது.

அக்கா நாடாவை வெட்டினாள். கைதட்டினார்கள். ஊன்றுகோலைத் தள்ளி ஏறினாள். ஏறிக்கொண்டே இருந்தவள் கண்ணாடியில் முட்டி நின்றாள்.

எதிரில் அவளுடைய அலுவலகம். சரியாக அவள் நிற்கிற மட்டம், விரற்கடை வித்தியாசம் இல்லை. பத்தடி தள்ளி அவளுடைய மேசை. மேலாளர் அம்மா அதைத் துடைத்து, வருகைப் பதிவேட்டை விரித்து, பேனாவை மூடி திறந்து வைத்திருந்தாள்.

"சார்... இது எப்படி சார் அந்தப் பக்கம் போறது?"

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் செயலர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "இங்கேர்ந்துதான் பார்வை நல்லா இருக்கும்மா. மூணு கோணத்துலேர்ந்து பாத்து முடிவு பண்ணினோம். இப்படிக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

"நான் வேலைக்குப் போகணும் சார். இன்னிக்குத்தான் கடைசி. பத்தேகாலுக்குள்ள அங்க உக்காரணும்."

"படியைத் தாண்டறதா? அம்மா, நீங்க கேட்டது படியை அணுகறதுக்கு. விண்ணப்பத்துல உங்க கையெழுத்தே இருக்கு. அணுகியாச்சு. தாண்டறதுக்கு வேற படிவம்." பிறகு ஒலிபெருக்கியை வாங்கி விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "நண்பர்களே, அணுகுவது என்றால் என்ன?"

சுவர்க் கடிகாரத்தில் பத்து அடிக்க மூன்று நிமிஷம். வீட்டுக்காரர் சாய்தளத்தில் தடவித் தடவி ஏறி வந்து காதோடு சொன்னார்: "தூக்கிடட்டுமா? ரெண்டடிதான். எனக்குக் கண்ணுதான் இல்ல, கையில பலம் இருக்கு."

"தூக்கினா தகுதியில்லன்னு எழுதுவாங்க."

"தூக்கலன்னா?"

"வரலன்னு எழுதுவாங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் அம்மா பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தரை விளிம்பு வரை வந்துவிட்டாள். கையை நீட்டினால் எட்டும். கல்யாணம் ஆகாத காவலாளி எழுந்து நின்றான். "மேடம், படிக்கு மேல எந்தக் குடுக்கல் வாங்கலும் கூடாது. நிழல் விழும்." மேலாளர் அம்மா அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். 'மேசையில் அமர்ந்து' என்று அதன் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அவள் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனாள்.

செயலர் பேசினார். அணுகுதல் என்பது அடைதல் அல்ல என்றார். அடைந்துவிட்டால் அங்கே மரியாதை போய்விடும் என்றார். இன்று ஒரு சாதாரணப் பெண்மணி, உடைந்த இடுப்போடு, வரலாற்றுக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறாள் என்றார். எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருவர் புகைப்படம் எடுத்தார். பின்னால் மேசை தெரியாதபடி கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார். அக்கா நகர்ந்து நின்றாள்.

பத்தேகாலுக்கு மேலாளர் அம்மா அடிக்கோலை எடுத்து, முத்திரை பெற்ற அடிக்கோல்தான், பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு கிழித்தாள். கிழித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது, செயலர் சாய்தளத்தின் அடிவாரத்தில் வைத்திருந்த பார்வையாளர் புத்தகத்தைக் காட்டினார். புதுப் புத்தகம், தோல் அட்டை. "முதல் பெயர் உங்களோடதா இருக்கணும்மா" என்று பேனாவைத் திறந்து கொடுத்தார். அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பெயர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள். ஊர் என்ற இடத்தில் ஊரை எழுதினாள். வந்த நேரம் என்ற இடத்தில், கொஞ்சம் யோசித்து, ஒன்பதரை என்று எழுதினாள். அதற்கு அடுத்த கட்டம், தொழில்.

பேனா அங்கே நின்றுவிட்டது.

செயலர் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷமாக எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்ப அவளுக்கு அரை நொடிகூட ஆனதில்லை.

"ஒண்ணும் இல்லன்னா கோடு போட்டுடுங்கம்மா," என்றார் செயலர் அன்பாக. "பரவாயில்ல. நிறையப் பேர் அப்படித்தான் போடுவாங்க."

அக்கா கோடு போட்டாள். அடுத்து நின்றவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.